என் கை வழுக்கவில்லை

பினாங்கு,
17-3-1993.

அன்பு மகன் அம்பிகைபாகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் அடிலெய்டில் சுகமாயிருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை. இங்கு நான் நலம். உன் தங்கை புஷ்பராணி நலம், இடது மணிக்கட்டு நீங்கலாக. அவள் கணவன் வாசுவும் நலமே, வலது கை நீங்கலாக. அந்தக் கையில் கத்தரிக்கோலைக் குத்தியது நான்தான். அதை அவன் உனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான், ஆனால் மாமிக்குப் புத்தி தடுமாறுகிறது, வயதாகிவிட்டது, சூப்பு கொட்டியதில் பயந்துபோய் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டார் என்று சொன்னான். நீயும் அதை நம்பி என்னைக் கூப்பிட்டு, அம்மா ஒரு மன்னிப்புக் கேட்டால் என்ன, டாக்டரிடம் ஒருதரம் காட்டினால் என்ன என்றாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். என் புத்தி தெளிவாயிருக்கிறது என்று தொலைபேசியில் கத்திச் சொல்பவளை யார் நம்புவார்கள்? ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார், ஒரு வரியாவது கோணியிருக்கிறதா என்று பார், பிறகு டாக்டரைப் பற்றிப் பேசலாம்.

தைப்பூசத்துக்கு வந்த புஷ்பா பிறகு வீட்டுக்குப் போகவில்லை. அன்னதானத்துக்குக் காய் வெட்ட வந்தவள், பூசம் முடிந்த பிறகும் இன்றைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று என்னோடேயே இருந்தாள், இங்கிருந்தே வங்கி வேலைக்கும் போய்வந்தாள். இந்த வெயிலில் மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை. ஏனம்மா என்று கேட்டதற்கு வங்கியில் ஏர்கோன் குளிர் என்றாள். வீட்டில் ஏது ஏர்கோன் என்று நான் கேட்டிருக்கலாம், ஆனால் முப்பத்துநாலு வயதுப் பெண்ணிடம் சட்டையைப் பற்றி விசாரணை வைப்பது நாகரிகமில்லை என்று விட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சிரித்த முகமாய், மாமி வாங்க, இன்னைக்கு ரெண்டு பேரையும் சாப்பிடக் கூட்டிட்டுப் போறேன், அப்படியே புஷ்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன் என்றான். கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும், அஜினோமோட்டோ போட்ட எதைத் தின்றாலும் பின்மண்டை வலிக்கும். அதையும் அவன் யோசித்து வைத்திருந்தான். பர்மா ரோட்டுப் பக்கம் ஒரு கொரிய மீ கடை இருக்கு மாமி, கையால செய்யற நூடுல்ஸ், ஃபேக்டரிக்கு வர்ற கொரியா இஞ்சினியருங்க எல்லாம் அங்கதான் சாப்பிடறாங்க, அஜினோமோட்டோ இல்ல, சாயம் இல்ல, எல்லாமே நேச்சுரல் லா, நம்ம கோயில் சாப்பாடு மாதிரி என்றான். கோயில் சாப்பாடு என்றதும் நான் சேலை மாற்றப் போய்விட்டேன். புஷ்பா பையை எடுத்துக்கொண்டு காரில் பின்னால் ஏறினாள்.

கடையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, நான் குறை சொல்ல வழி தேடியும். பினாங்குப் பாலம் கட்ட வந்த கொரியர்களில் ஒருவர் திரும்பிப் போகாமல் மனைவியை இங்கே வரவழைத்து நடத்துகிற கடை, அவர்கள் பெயர் ஹான். மேசைகள் வெறும் மரம், ஈரத்துணியால் துடைத்த வாசம், ஒரு பிளாஸ்டிக் பூ கிடையாது. சுவரோரம் மண்ஜாடிகள், சிலவற்றில் மிளகாய் பூசிய கோசுக்கீரை ஊறுகிறது, சிலவற்றில் ஏதோ பயற்று விழுது. பச்சை மீ கீரைச் சாற்றில் பிசைந்தது, மஞ்சள் மீ பரங்கிக்காயில் பிசைந்தது, கறுப்பாயிருப்பது ஒரு தானிய மாவு, எல்லாவற்றையும் தட்டில் கொண்டுவந்து மிசஸ் ஹான் காட்டினாள். அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம் மலாய், எனக்குத் தெரிந்ததும் கொஞ்சம் மலாய், இரண்டும் போதுமாயிருந்தது. சமையலறையில் அவள் கணவர் மாவைத் தூக்கிப் பலகையில் அறைந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் அறைக்கும் மேசையிலிருந்த கோப்பைகள் அதிர்ந்தன. ஒவ்வோர் அறைக்கும் உன் தங்கையின் தோள் காதுவரை ஏறி இறங்கிற்று. பசி வந்தவள் பொறுமையில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். என் கண் முன்னால் நடந்தது, ஆனாலும் நான் அதை அப்படித்தான் பார்த்தேன்.

வாசுவுக்குக் கொதிக்கிற சூப்பு மீ, கற்சட்டியில் வந்தது. அடுப்பிலிருந்து இறக்கி மேசைக்கு வந்த பிறகும் அது குமிழிவிட்டுக் கொதித்தது. புஷ்பாவுக்குக் குளிர்ந்த கறுப்பு மீ, பித்தளைக் கிண்ணத்தில், மேலே ஐஸ் மிதக்க. எனக்குக் கீரை மீ. மீ என்றால் நம் கோபித்தியாம் காப்பிக்கடை மீ அல்ல, ஒவ்வோர் இழையும் முழங்கை நீளம். மிசஸ் ஹான் இடுப்பிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பொத்தோங், பொத்தோங் என்று விரல்களால் வெட்டிக் காட்டி, வாசுவின் சட்டியில் நறுக்கினாள். பிறகு புஷ்பாவின் கிண்ணத்துக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள். தம்பி, உன் தங்கை இரண்டு கையையும் தூக்கித் தலையைப் பொத்திக்கொண்டாள். ஒரு நொடிதான். உடனே கையை இறக்கி, கூந்தலைச் சரிசெய்வதுபோல் ஒதுக்கினாள். வாசு சிரித்து, இவ எப்பவுமே இப்படித்தான், பூச்சிக்கும் பயம், மின்னலுக்கும் பயம் என்றான். மிசஸ் ஹான் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

என் கிண்ணத்துக்கு வந்தபோது அவள் வெட்டவில்லை. மூத்தவர்களுக்கு மீயை வெட்டக்கூடாதாம், நீளமாய்ச் சாப்பிட்டால் ஆயுள் நீளமாம். இதெல்லாம் எனக்கு ஆகாது. வாயிலிருந்து கயிறு தொங்க, உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடுவதைவிடக் குறைந்த ஆயுளே போதும், என் கான்வென்ட் சிஸ்டர்கள் பார்த்தால் கல்லறையிலிருந்து எழுந்து வருவார்கள் என்று சொல்லி, கத்தரிக்கோலை நானே வாங்கி வெட்டிக்கொண்டேன். அது என் கிண்ணத்தின் அருகில் இருந்தது இப்படித்தான். நான் முன்கூட்டியே எடுத்து வைத்தேன் என்று வாசுவின் வக்கீல் சொல்லப் போகிறாராம், ஆகவே எழுதுகிறேன்.

நான் முதல் வாய் எடுக்கும்போது புஷ்பா, அம்மா பொறுங்க என்று சொல்லிவிட்டு, மிசஸ் ஹானைக் கூப்பிட்டு சூப்பு எதில் செய்தது என்று கேட்டாள். மாட்டெலும்பில். பெருமையாகவே சொன்னாள் அவள், பொடி கிடையாது, காலையிலிருந்து அடுப்பில் கிடக்கிற நல்ல எலும்பு என்று. ஏன், மாட்டெலும்பு இயற்கை இல்லையா? இயற்கை என்று போட்டிருந்தால் சைவமாய்த்தான் இருக்கும் என்று நினைத்தது நாங்கள்தான், உலகத்தில் நம் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படி நினைப்பார்கள்? வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது என்பதில் மட்டும் சிஸ்டர்களும் முருகனும் ஒரே கட்சி, அந்த வெள்ளிக்கிழமையில் என் கரண்டி வாய்க்கு அருகில் வந்து நின்றது. மிசஸ் ஹான் விஷயம் புரிந்ததும் பதறிப்போய், கும்பிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கடல்பாசியிலும் முள்ளங்கியிலும் காளானிலும் புதுச் சாறு வைத்துத் தருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே ஓடினாள். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் மானம் போகவில்லை. ஆனால் கூட்டிவந்தவன் அவன், தெரியாமல் கூட்டிவந்தான் என்பதை அவன் பெண்டாட்டி எல்லார் முன்னாலும் கேட்டுத் தெரியவைத்துவிட்டாள். நீ கேக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது என்றான். சத்தம் போடவில்லை, சாந்தமாய்ச் சொன்னான். பிறகு ஆசையாய்ப் பிடிப்பதுபோல அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தான். சட்டைக் கையை மேலே தள்ளி, அந்தக் கொதிக்கிற கற்சட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, பாலத்துல டோல் ஏத்தப் போறானுங்களாம் மாமி, ஃபேக்டரியில எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க என்றான்.

உன் தங்கை கத்தவில்லை. உதடுகூட அசையவில்லை. தம்பி, அடுப்பில் கை பட்டால் நீ கத்துவாய், நான் கத்துவேன், பச்சைக் குழந்தை கத்தும். முதல் தடவை சூடுபடுகிறவர்கள் எல்லாரும் கத்துவார்கள். கத்தாமலிருக்கப் பழக்கம் வேண்டும். தோல் வேகிற வாசம் எனக்கு வந்தது, அவள் முகத்தில் ஒன்றுமேயில்லை, அப்போதுதான் இது முதல் தடவையில்லை என்று எனக்குத் தெரிந்தது. சட்டைக் கையும், தலையைப் பொத்திய கையும், காதுவரை ஏறிய தோளும் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. நான் கத்தரிக்கோலை மூடி, கைப்பிடியை உள்ளங்கையில் வைத்து, அவளை அழுத்திக்கொண்டிருந்த அவன் வலது கையின் பின்புறத்தில், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் இறக்கினேன். எலும்பில் இடறி நின்றது. எழுபது வயதுப் பலம், அதைவிட ஆழமாய்ப் போகவில்லை, போயிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. அவன் கத்தினான். ஆமாம், அவன்தான் கத்தினான், அந்தக் கடையில் முதலில் கத்தியது அவன்தான்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நீ நன்றாக மனதில் வாங்க வேண்டும். குத்தியது நான். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அவன் எழுந்து, இரத்தம் சொட்டச் சொட்ட, நல்ல கையால் அறைந்தது புஷ்பாவை. நாற்காலியோடு விழுந்தாள். விழுந்தவளை எட்டி உதைத்தான். மேசை கவிழ்ந்தது, கற்சட்டி தரையில் விழுந்து இரண்டாய்ப் பிளந்து கொதிக்கிற சூப்பு ஓடிற்று, பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். மாமனார் வீட்டில் யார் குத்தினாலும் அடி விழுவது ஒரே இடத்தில்தான் என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது, யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது ஹான் உள்ளேயிருந்து வந்தார், மாவு தேய்க்கிற நீளக் கட்டை கையில், முழங்கைவரை மாவு. முழங்காலுக்குப் பின்னால் ஓர் அடி. வாசு சூப்பிலேயே உட்கார்ந்தான். மறுபடி எழப் பார்த்தபோது தோளில் இன்னோர் அடி. பிறகு கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவனுக்கும் உன் தங்கைக்கும் நடுவில் நின்றுவிட்டார். மிசஸ் ஹான் புஷ்பாவை இழுத்து உட்காரவைத்து, அவள் தொடாமலிருந்த குளிர்ந்த மீ கிண்ணத்துக்குள், ஐஸும் மீயுமாய், அவள் மணிக்கட்டை அப்படியே முக்கினாள். அதற்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்ட வேண்டியிருந்தது. இஸ்திரிப்பெட்டியின் முனை எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும் அல்லவா? அந்த முனையின் வடிவம், பழையதும் புதியதுமாய், உள்பக்கம் முழுக்க. நான் எண்ணவில்லை. அதை எண்ணிப் பார்க்கிற தாய் நான் இல்லை.

இனி நீ தொலைபேசியில் சொன்னதற்கு வருகிறேன். வாசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு, நேரே போய் என் மேல் போலீஸ் ரிப்போர்ட் செய்தான். செய்துவிட்டு நம் அப்புத்துரை மாமாவைத் தூது அனுப்பினான். மாமா சங்கத்துக் கூட்டத்தில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளை செல்வநாயகி, விநாசித்தம்பியின் பெண்சாதி கோர்ட்டில் கூண்டில் ஏறினால் பினாங்கில் நாங்கள் தலை நிமிர்ந்து நடக்க ஏலாது கண்டியோ, பங்குனி உத்தரத்துக்குள் பிள்ளையை அனுப்பி, கோயிலில் வைத்து நீ ஒரு வார்த்தை சொன்னால் அவன் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குவான், கேஸும் இராது என்றார். அவர் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன் புஷ்பா பையை எடுத்து வைத்துவிட்டாள். ஏன் என்றேன். நீங்க இந்த வயசுல கோர்ட்டுக்குப் போக வேணாம்மா, எனக்குப் பழகிப்போச்சு என்றாள். பழகிப்போச்சு. ஆங்கிலப் பாடத்தில் எப்போதும் முதலாக வந்த பிள்ளை. வங்கியில் அவள் சொன்னால் மானேஜர் எழுந்து நிற்கிறார். அவள் சொல்கிறாள் பழகிப்போச்சு என்று. நான் பையைப் பறித்துத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாய் வெளியே போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உன் தொலைபேசி மணி அடித்தது. நீ அடிலெய்டிலிருந்து பேசினாலும் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுவதுபோல் கத்துவாய், உன் அப்பாவைப்போல. அனுப்பிவிடுங்கள் அம்மா, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நீ சொன்னதை என் அருகில் நின்ற புஷ்பா ஒவ்வொரு வார்த்தையாய்க் கேட்டாள். கேட்டுவிட்டுக் கீழே குனிந்து துணிகளைப் பொறுக்கி மறுபடி பைக்குள் வைத்தாள். பையின் ஜிப்பை மூடியது அவள் கை, ஆனால் மூடவைத்தது நீ. உனக்கு விஷயம் தெரியாது, அதனால் அன்று உன்னைத் திட்டவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

அவனிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று, என் மானம். அதற்கு விலை உன் தங்கை. ஆகவே மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, உன் அப்பா வாங்கித் தந்த சாம்பல்நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, டாக்ஸியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புஷ்பா, அம்மா வேண்டாம் அம்மா என்று அழுதுகொண்டே கூட வந்தாள். அங்கே நோர்மா என்று ஒரு பெண் கார்ப்பரல், நல்ல பிள்ளை, எனக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அத்தை முறை வைத்து, மாக்சிக் பயப்படாதீங்க என்றது. நான் பயப்படவில்லை, எழுதிக்கொள் அம்மா என்றேன். நான் சொல்லச் சொல்ல எழுதி வந்தவள், நான் குத்திய இடம் வந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மாக்சிக், மீ வெட்டும்போது கை வழுக்கிடுச்சுன்னு போடட்டுமா, வயசானவங்க, யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க, இத்தோட முடிஞ்சிடும் என்று மெதுவாய்க் கேட்டாள். இரக்கத்தினால்தான் கேட்டாள், அது எனக்குத் தெரியும். நான் சொன்னேன், கன்னியாஸ்திரிகள் வளர்த்த பெண், கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியும், என் கை வழுக்கவில்லை. என் கை வழுக்கியது என்று நீ எழுதினால், அவன் கையும் வழுக்கிற்று என்று நாளைக்கு அவன் எழுதுவான். சட்டி வழுக்கிற்று, இஸ்திரிப்பெட்டி வழுக்கிற்று, இந்த வீட்டில் எல்லாமே வழுக்கித்தான் இவள் மேல் விழுகிறது என்று ஆகிவிடும். நான் வேண்டுமென்றே குத்தினேன். அவன் வேண்டுமென்றே சுட்டான். இரண்டையும் அப்படியே எழுது.

தம்பி, நான் இதைச் சொல்லி முடிக்கும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். உன் தங்கை சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தோள்வரை சுருட்டி, நோர்மாவின் மேசையில், காகிதங்களுக்கு மேலே நீட்டிவைத்து, இதையும் எழுதுங்க என்றாள். நோர்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள், பிறகு புதுத் தாள் எடுத்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். என் மேலும் வழக்கு, அவன் மேலும் வழக்கு. எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா, அதே அப்புத்துரை மாமா. புஷ்பாவின் கையைப் பார்த்துவிட்டு, ஒரு செருமலும் இல்லாமல், எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

போன சனிக்கிழமை நானும் புஷ்பாவும் அந்தக் கடைக்குத் திரும்பப் போனோம். அன்று மிசஸ் ஹான் எனக்காகப் புதுச் சாறு வைத்தாளே, அதை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வந்துவிட்டேன், ஒரு சமையற்காரிக்கு அதைவிட அவமரியாதை இல்லை. உடைந்த சட்டி இருந்த இடத்தில் தரை தேய்த்துக் கழுவியிருந்தது. ஹான் உள்ளே மாவை அறைந்துகொண்டுதான் இருந்தார், புஷ்பாவின் தோள் இன்னும் ஏறத்தான் செய்தது, அதற்கு நாளாகும் என்று டாக்டர் சொன்னார். கடல்பாசிச் சாறு தெளிவாய், தண்ணீரைப்போல் வந்தது, உப்புக்குப் பதில் கடல், இனிப்புக்கு முள்ளங்கி, நம் இரசத்துக்கு இருக்கிற சூடு இல்லை, ஆனால் சுத்தம். மிசஸ் ஹான் கத்தரிக்கோலை எடுத்துவர யோசித்தாள் போலிருக்கிறது, வெறுங்கையோடு நின்றாள். புஷ்பாவே கேட்டு வாங்கினாள். அதே கத்தரிக்கோல், வெந்நீரில் கழுவியிருந்தது. தன் கிண்ணத்தில் தானே வெட்டிக்கொண்டாள். பிறகு என் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தாள். நான் கையால் மறைத்து, வெட்டாதே என்றேன். வழக்குத் தவணை தவணையாய் எவ்வளவு காலம் இழுக்குமோ தெரியாது, அதுவரை நான் இருக்க வேண்டும், அதற்கு மேலும் இருக்க வேண்டும். ஒரு முழ நீள மீயை வாயில் வைத்து, கடை முழுக்கக் கேட்கும்படி உறிஞ்சிச் சாப்பிட்டேன். சாறு மூக்கில் தெறித்தது. எந்தச் சிஸ்டரும் எழுந்து வரவில்லை. உன் தங்கை சிரித்தாள், அந்தச் சிரிப்பை நீ கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்.

அங்கே குளிர் தொடங்கும், பிள்ளைகளுக்கு நெஞ்சை மூடிச் சட்டை போடச் சொல், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு ஈரத்தோடு வெளியே விடாதே. மருமகளிடம் கொஞ்சம் கூடப் பேசு, நீ குறைவாய்ப் பேசுகிறாய் என்று அவள் எழுதியிருந்தாள். முருகன் உங்களையெல்லாம் காக்கட்டும், கையில் பலமும் அதை எங்கே வைப்பது என்கிற புத்தியும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

வாசு உன்னை மறுபடி கூப்பிடுவான், அது நிச்சயம். சமாதானம் பேசாதே, திட்டவும் வேண்டாம். உனக்கு அவனிடம் சொல்ல ஒரு வார்த்தைதான் இருக்கிறது, என் அம்மாவின் கை வழுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடு. வைத்த பிறகு உன் தங்கையைக் கூப்பிடு. இந்தத் தடவையும் கத்திப் பேசு, அவள் அருகில் நான் நின்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செல்வநாயகி விநாசித்தம்பி.